கடையை விற்றுவிட்டு வெளிநாடு: நாற்பத்தைந்தைக் கடந்த வியாபாரிக்கு ஒரு கணக்கு

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். மதுரங்குளிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் வந்தார். நல்ல வியாபாரி. ஒரே இடத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கடை நடத்துகிறார். வயது நாற்பத்தேழு. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

“நானா, கடையையும் வாப்பாவின் தென்னங்காணியில் எனக்கு வந்த பங்கையும் கொடுத்துவிட்டு கனடா போகலாம் என்று நினைக்கிறேன். கொழும்பில் ஒருவர் பி.ஆர். எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். முதலில் பன்னிரண்டு இலட்சம் கட்ட வேண்டும். நீங்கள் வெளியில் இருந்து பார்த்தவர். என்ன சொல்கிறீர்கள்?”

கோப்பை வாங்கிப் பார்த்தேன். கனடாக் கொடி இருந்தது. பனி மலை இருந்தது. எப்போது எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற அட்டவணை மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் வயதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இது இவர் ஒருவருடைய கேள்வி என்றால் நான் இந்தப் பத்தியில் எழுத வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டில் மட்டும் தொழிலுக்காக நாட்டை விட்டுப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம் என்கிறது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கணக்கு. அதுவரை எந்த ஆண்டும் அத்தனை பேர் போகவில்லை. அதில் இளைஞர்தான் கூடுதல். என்றாலும் புளிச்சாக்குளம், விருதோடை, நல்லாந்தழுவை, கொத்தாந்தீவு என்று நமது பகுதியில் நரைத்த தாடியோடு போன கடைக்காரர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

வயது ஒரு விலை

முதலில் அந்தச் சகோதரருக்கு நான் காட்டியது கனடாவின் புள்ளிக் கணக்கு. 2015 ஜனவரியிலிருந்து ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்ற முறையில்தான் அங்கு திறமையாளர்களைத் தெரிவு செய்கிறார்கள். மனைவியோடு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்காக மட்டும் 100 புள்ளி. நாற்பதில் அது 45. நாற்பத்திரண்டில் 25. நாற்பத்து நான்கில் 5. நாற்பத்தைந்தில் பூச்சியம். அதற்கு மேல் எத்தனை வயதானாலும் பூச்சியம்தான்.

மொழிப் பரீட்சை தனி. திறமைத் தொழிலாளர் பிரிவுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையின் நான்கு பகுதியிலும் குறைந்தது ஆறு எடுக்க வேண்டும். நால்வர் கொண்ட குடும்பம் கையில் காட்ட வேண்டிய பணம் 2025 இல் 28,000 கனேடிய டொலரைத் தாண்டியது. இவற்றை விட நம்மவர்களுக்குப் பெரிய தடை ஒன்று உண்டு. கடை நடத்திய அனுபவத்தையும் அனுபவமாகக் கணக்கெடுக்கிறார்கள். ஆனால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பிரதேச செயலகத்தின் வியாபாரப் பெயர்ப் பதிவு, வருமான வரிக் கோப்பு, வங்கிக் கூற்று, நாம் சாமான் எடுத்த கம்பனிகளின் கடிதம் எல்லாம் வேண்டும். இருபது வருடம் கடை நடத்தியவரிடம் இருபது மாதத்துக்குக்கூட இவை ஒழுங்காக இருக்காது. இந்தச் சகோதரரிடமும் இருக்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் திறமை விசாவுக்குப் பொதுவாக அழைப்பு வரும்போது 45 வயது நிரம்பியிருக்கக் கூடாது. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 40 முதல் 44 வரை 15 புள்ளி. முதலீட்டோடு வரும் வியாபாரிகளுக்கு 55 வயது வரை ஒரு வழி திறந்திருந்தது. 2024 ஜூலையோடு அதை மூடிவிட்டார்கள். நியூசிலாந்து 55 வரை ஏற்கிறது; ஆனால் முதலில் அங்கு ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் வேலை விசாவுக்கு வயது எல்லை இல்லை என்று சொல்லி இங்கு பலரிடம் பணம் வாங்கினார்கள். 2025 ஜூலையில் அதற்கான பொதுச் சம்பள எல்லை ஆண்டுக்கு 41,700 பவுண்ஸாக உயர்ந்தது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அந்த மாதத்தோடு நின்றது.

பிள்ளை கனடாவில் இருந்தால் பெற்றோர் ‘சூப்பர் விசா’வில் போய் ஒரு தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். 2022 ஜூலையில்தான் அதை இரண்டிலிருந்து ஐந்தாக்கினார்கள். ஆனால் அந்த விசாவில் தொழில் செய்ய முடியாது. ஐம்பது வயதில் ஐந்து வருடம் கையைக் கட்டிக்கொண்டு மகன் வீட்டில் இருக்கக்கூடிய வியாபாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

முகவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் என்பது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது. குடியேற்ற ஆலோசனை வேறு விடயம். கனடா விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல அந்த நாட்டில் உரிமம் பெற்ற ஆலோசகருக்கோ சட்டத்தரணிக்கோதான் அனுமதி. அந்தப் பெயர்ப் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பன்னிரண்டு இலட்சம் கட்டுவதற்கு முன் பன்னிரண்டு நிமிடம் அதற்குச் செலவழிக்கலாம்.

வளைகுடாவுக்கு வயது தடையில்லையா?

ஆகவே நம்மில் அநேகர் நாற்பத்தைந்துக்குப் பிறகு போவது வளைகுடாவுக்கே. அங்கு புள்ளி இல்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தால் விசா வரும். ஆனால் அது குடிபெயர்வு ஆகாது. வேலை உள்ளவரைதான் அங்கு இருக்கலாம். கட்டாரில் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு மூன்று வார அடிப்படைச் சம்பளம். இருபத்தைந்து வயதில் போய் இருபது வருடம் நிற்பவனுக்கு அது ஒரு தொகை. நாற்பத்தேழில் போகிறவருக்கு எத்தனை மூன்று வாரம் சேரும்?

அங்கேயே கடை போடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021 ஜூனிலிருந்து உள்ளூர்ப் பங்காளி இல்லாமலே பெரும்பாலான வியாபாரங்களை முழு உரிமையோடு நடத்தலாம். முன்பு 51 வீதம் அந்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டியிருந்தது. இது பெரிய மாற்றம். ஆனால் சவூதியில் காற்று மறுபக்கம் அடிக்கிறது. 2018 செப்டெம்பரில் தொடங்கிப் பன்னிரண்டு வகைச் சில்லறைக் கடைகளில் பெரும்பங்கு வேலையைச் சவூதிகளுக்கு ஒதுக்கினார்கள். 2019 ஜனவரியில் கட்டடப் பொருள் கடையும் அதில் சேர்ந்தது. குடும்பத்தைக் கூட வைத்திருப்பவருக்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று 2017 இல் ஆரம்பித்த கட்டணம் 2020 இல் 400 ஆனது. நம்மவர் பலர் மனைவி மக்களைத் திருப்பி அனுப்பியது அப்போதுதான்.

நான் போன கதை

எனக்கு முந்தலில், புத்தளம் கொழும்பு வீதியில், ஹாட்வெயார் கடை. வாப்பா தொடங்கியது. பதினெட்டு வயதிலிருந்து நான் அதில் நிற்கிறேன். தகரம், ஆணி, பி.வி.சி. குழாய், இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர்ப் பம்பு என்று நல்ல ஓட்டம். 2022 இல் எல்லாம் நின்றது. முந்திய ஆண்டில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற சீமெந்து மூடை மூவாயிரத்தை நெருங்கியது. டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது. ஊரில் ஒருவரும் அத்திவாரம் வெட்டவில்லை. கடையில் உட்கார்ந்து வீதியில் பெற்றோல் வரிசையைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. எனக்கு நாற்பத்தாறு வயது. மூன்று பிள்ளைகள்.

தோஹாவில் இருந்த மச்சான், தன் கம்பனிக்குத் தெரிந்த ஒரு ஹாட்வெயார் நிறுவனத்தில் ஸ்டோர் பொறுப்பாளர் வேலை இருக்கிறது, சம்பளம் 2,500 ரியால், தங்குமிடம் அவர்களுடையது என்றார். அன்று ஒரு ரியால் நூறு ரூபா. இரண்டரை இலட்சம்! இரவிரவாகக் கணக்குப் போட்டேன். போகலாம் என்று முடிவெடுத்து வீட்டில் சொன்னேன்.

வீட்டில் சொன்னது மூன்று நாளில் ஊருக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் நான் கற்றதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். கடன் கொப்பியில் எனக்கு வர வேண்டியது அப்போது பதினொரு இலட்சம் அளவில் இருந்தது. இறால் அறுவடைக்குத் தருகிறேன், தேங்காய் விற்றுத் தருகிறேன் என்று வாங்கிய நல்ல மனிதர்கள்தான். நான் போகிறேன் என்றதும் தருகிறவர்களும் நிறுத்திவிட்டார்கள். மோசம் செய்யும் எண்ணத்தில் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கும் என் கடையில் கடன் வாங்க வேண்டும் என்றிருந்தால்தான் இன்றைக்குப் பழைய கடனைத் தருவான். நாளை இல்லை என்றானபின் அவசரம் என்ன?

மறுபக்கம் கொழும்பு. பழைய சோனகத் தெருவில் வாப்பா காலத்திலிருந்து சாமான் எடுக்கும் ஒரு மொத்த வியாபாரி எனக்கு அறுபது நாள் செக்குக்கு லொறி நிறையச் சாமான் ஏற்றுவார். செய்தி அவருக்கும் போனது. “இந்த முறை காசாகத் தாருங்கள் தம்பி” என்றார். அவர் பிழையில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

விற்பனைக்கு வைத்த கடையின் விலை, விற்கப் போகிறோம் என்று சொன்ன நாளிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. இராக்கையில் உள்ள சாமானுக்கு விலை இருக்கிறது. கட்டடத்துக்கு விலை இருக்கிறது. அறுபது நாள் செக்கை எந்த விலைக்கு விற்பது? எந்தப் பண்ணைக்காரன் சொன்னபடி தருவான், யாருக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற அறிவை யார் வாங்குவார்? என் கடையில் பாதிப் பெறுமதி அதுதான் என்று அன்றுதான் எனக்கே விளங்கியது.

நல்ல வேளை, விற்கவில்லை. தம்பியை உட்கார வைத்தேன். இரண்டு நாள் கடையை மூடிச் சாமான்களை எண்ணி எழுதினோம். இலாபத்தில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. நட்டம் வந்தால் முதல் என்னுடையது. அவருடைய உழைப்பு வீணாகும். நொத்தாரிசிடம் போய் எழுத்தில் வைத்தோம். “தம்பிக்கும் காகிதமா?” என்று உம்மா வருத்தப்பட்டார். பின்னாளில் எங்கள் இருவருக்கும் இடையில் கசப்பு வராமல் காத்தது அந்தக் காகிதமே. அற்றோர்ணித் தத்துவம் கொடுத்தபோதும் வங்கிக்கும் கடைக்கும் மட்டும் கொடுத்தேன். காணி விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்கவில்லை.

தோஹாவில் இருபத்தொரு மாதம்

2022 செப்டெம்பரில் போய் இறங்கினேன். உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. ஊரெல்லாம் விளக்கு. ஒரு ஹாட்வெயார்க்காரனாக நான் கவனித்திருக்க வேண்டியது ஒன்றுதான்: கட்ட வேண்டியதை எல்லாம் கட்டி முடித்துவிட்டார்கள். டிசம்பரில் போட்டி முடிந்தது. மறுவருடம் ஸ்டோரில் சாமான் தேங்கத் தொடங்கியது. மேலதிக நேர வேலை நின்றது. முந்தலில் இருந்தபோது மதுரங்குளியில் யார் வீடு கட்டப் போகிறார் என்று எனக்கு ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும். ஒரு நாட்டுக்கே வீடு கட்டி முடிந்தது தெரியாமல் விமானம் ஏறினேன்.

இருபத்தெட்டு வருடம் “முதலாளி” என்று கூப்பிடப்பட்டவன், இருபத்தொன்பது வயதுக் கேரளத்து மேலாளரிடம் லீவு கேட்டு நின்றேன். நல்ல பிள்ளை, மரியாதையாகவே நடத்தினார். இருந்தாலும் முதல் மூன்று மாதம் இரவில் நித்திரை வரவில்லை. இதைப் பற்றி நம் ஆண்கள் பேசுவதில்லை.

எந்தத் திறமை கடல் கடந்தது, எது கடக்கவில்லை என்று சொல்கிறேன். ஓடாத சாமானைக் கண்ணால் பார்த்தே பிரிப்பது, மழைக்கு முன் எதை வாங்கி வைப்பது என்ற கணிப்பு, களவு போகும் இடத்தை அறிவது எல்லாம் கடந்தன. மேலாளர் ஆறாம் மாதத்திலேயே கொள்வனவில் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். கடக்காதது ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கும் கண். நம் நாட்டு ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். நல்ல பேச்சு, தொழுகையாளி. எழுத்து ஓடர் இல்லாமல் சாமான் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். மேலாளர் மறுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் அந்த மனிதர் பலருக்குக் கடனை வைத்துவிட்டு நாட்டை விட்டே போயிருந்தார். முந்தலில் ஒருவனுக்கு நான் கடன் கொடுக்கும்போது அவனுடைய வீடும் பள்ளிவாசலும் மாமனாரும் எனக்குத் தெரியும். அங்கு எனக்குத் தெரிந்தது அவனுடைய முகம் மட்டும்.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்துக் காக்காவை அடிக்கடி நினைத்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசம்; நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. பெரும்பாலோர் வந்து சேர்ந்தது நமது புத்தளம் மாவட்டத்துக்கு. எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் கடை விறாந்தையின் ஒரு மூலையை வாப்பா ஒருவருக்குக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் பெரிய இரும்புக் கடை வைத்திருந்தவர், ஐம்பது வயதிருக்கும். நம் மூலையில் உட்கார்ந்து பழைய ஆணியை நிமிர்த்தி விற்றார்! இரண்டு வருடம் தன் பழைய கடையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வாப்பாவோடு லொறியில் பழைய சோனகத் தெருவுக்குப் போனார். அங்கு ஒரு முதலாளி அவரைக் கண்டதும் எழுந்து நின்றாராம். 1990 க்கு முன் அவருக்குச் சாமான் அனுப்பியவர். ஒரு ரூபா வாங்காமல் முதல் சுமையை ஏற்றிவிட்டார். ஐந்து வருடத்தில் காக்காவுக்குப் புத்தளத்தில் சொந்தக் கடை. வாழ்ந்த ஊர் போயிற்று, வாடிக்கையாளர் போயினர், முதலும் போயிற்று. சாமான் கொடுக்கிறவர்கள் மட்டும் அதே கொழும்பில் இருந்தார்கள். அவருடைய சொல் அங்கு செல்லுபடியானது. எனக்கு தோஹாவில் எழுந்து நிற்க யார் இருந்தார்? மச்சான் ஒருவர்தான். அவரும் சம்பளக்காரர்.

வென்னப்புவையிலிருந்து இத்தாலிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். முன்னே போனவன் அறை கொடுப்பான், வேலை காட்டுவான். அதற்கு அவர்கள் பல பத்து வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

2024 நடுப்பகுதியில் திரும்பினேன். ரூபா பலம் பெற்று, அந்த ஆண்டு முடிவில் ரியால் எண்பது ரூபாவுக்கு வந்தது. இரண்டரை இலட்சம் இரண்டு இலட்சமாகச் சுருங்கியது. இருந்தாலும் நான் அனுப்பிய பணத்தில் கடையின் வங்கிக் கடன் முடிந்தது. போனது வீண் என்று சொல்ல மாட்டேன். கடையை விற்றுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்து நிற்க இடம் இருந்திருக்காது.

நிரந்தரமாகவே போகிறவர்களுக்கு

காணி விடயத்தில் கவனம் தேவை. வேறொரு நாட்டின் குடியுரிமையை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகவே நின்றுவிடும். இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது இல்லாதவர் இங்கு காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. வாரிசுரிமையாக வருவதற்குத் தடையில்லை. இன்று காணியை விற்றுவிட்டுப் பத்து வருடத்தில் டொலரோடு வந்து திரும்ப வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

விற்ற பணத்தைக் கொண்டு போவதற்கும் எல்லை உண்டு. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், குடிபெயர்கிறவர் வங்கியில் அதற்கான தனிக் கணக்கு ஒன்றின் ஊடாக, அனுமதிக்கப்பட்ட தொகையை மட்டுமே அனுப்பலாம். 2020 க்குப் பிறகு அந்தத் தொகையைப் பல தடவை மாற்றியிருக்கிறார்கள். காணிக்கு முற்பணம் வாங்குவதற்கு முன் வங்கிக்குப் போய் இன்றைய எல்லையைக் கேளுங்கள். உண்டியலில் அனுப்பலாம் என்பவருக்கு: அங்கே விசா அதிகாரி அந்தப் பணம் வந்த வழியைக் கேட்பார்.

மதுரங்குளிச் சகோதரருக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். ஒரு தாளில், கடையில் விற்கக்கூடியது எவ்வளவு, விற்க முடியாதது என்ன, போகும் நாட்டில் உங்கள் சொல்லை நம்பி ஒரு பெட்டிச் சாமான் தரக்கூடியவர் யார் என்று எழுதி வாருங்கள் என்றேன். ஒன்பது நாள் கழித்து வந்தார். கனடாவில் ஒரு பெயரும் இல்லை. மெல்பேர்னில் ஒன்று: மனைவியின் தங்கை. அவர் கணவர் அங்கு பலசரக்குக் கடை நடத்துகிறார்.

“உங்கள் மனைவி என்ன செய்கிறார்?” என்று கேட்டேன்.

“கணித ஆசிரியை. பட்டதாரி.”

“வயது?”

“நாற்பத்தொன்று.”

இரண்டாம் நிலைப் பாடசாலை ஆசிரியர்கள் அவுஸ்திரேலியாவின் தொழில் பட்டியலில் இருக்கிறார்கள். அவருடைய பெயரில் விண்ணப்பித்தால் கணவரின் வயதுக்கு அந்த எல்லை இல்லை. ஆங்கிலப் பரீட்சைக்கும் தகைமைக் கணிப்பீட்டுக்கும் மூன்று வருடம் கையில் இருக்கிறது. கொழும்பு முகவர் மனைவியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. சகோதரரும் மனைவியிடம் போவோமா என்று கேட்டதில்லை. போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்.

அன்று இரவு வீட்டில் கேட்டிருக்கிறார். மறுநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பரீட்சைக்கு அவர் மனைவி பயப்படவில்லையாம். அவர் கேட்ட ஒரே கேள்வி, நடக்க முடியாத தன் உம்மாவை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான். அதற்கு என்னிடமும் பதில் இருக்கவில்லை.